முப்பது ஆண்டுகளாகக் கேட்காத பாடல் முதல் நொடியிலேயே பிடிபடுவது எப்படி?

நெடுங்காலமாகக் காதில் விழாத ஒரு திரைப்பாடல் பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் ஒலிக்கத் தொடங்குகிறது. பாடகரின் குரல் வருவதற்கு முன்பே, முன்னிசையில் கிதார் ஒருமுறை மீட்டப்பட்டதுமே, இது நமக்குத் தெரிந்த பாடல் என்று மனம் உறுதியாகச் சொல்லிவிடுகிறது. படத்தின் பெயரும் பாடலின் முதலடியும் அதற்குப் பிறகே வருகின்றன. சில வேளைகளில் வராமலும் போகின்றன.

இதற்கு எவ்வளவு சிறிய துணுக்கு போதும் என்பதை கிளென் ஷெல்லன்பெர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் சோதித்தார்கள். புகழ்பெற்ற ஐந்து பாடல்களின் பெயர்களை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, அவற்றின் பதிவுகளிலிருந்து நறுக்கிய துணுக்குகளைக் கேட்கச் செய்து, எது எந்தப் பாடல் என்று பொருத்தச் சொன்னார்கள். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கே நீளமுள்ள துணுக்குகளைக்கூட, குருட்டாம்போக்கில் சொன்னால் கிடைக்கக்கூடியதைவிட அதிகமாகக் கேட்பவர்கள் சரியாகச் சொன்னார்கள். அந்த நேரத்திற்குள் மெட்டு என்று ஒன்று உருவாக இடமே இல்லை. துணுக்கைப் பின்னோக்கி ஓடவிட்டபோதும், உயர் அதிர்வெண்களை நீக்கியபோதும் அந்தத் திறன் குன்றியது. அப்படியானால் அடையாளம் காட்டியது மெட்டு அன்று, அந்தப் பதிவுக்கே உரிய ஒலித்தன்மைதான்: எந்தக் கருவி, அது எப்படி மீட்டப்பட்டது, எவ்வளவு எதிரொலியோடு கலக்கப்பட்டது என்பவை எல்லாம் சேர்ந்த ஒன்று.

பழைய பாடலை வேறொருவர் அச்சுப் பிசகாமல் மேடையில் பாடும்போதும் ஏதோ குறைவதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். நினைவில் தங்கியிருப்பது பாடல் மட்டும் அன்று, அதன் ஒரு குறிப்பிட்ட பதிவு. டேனியல் லெவிடின் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. 46 பேரைத் தங்களுக்குப் பழக்கமான இரண்டு பாடல்களை நினைவிலிருந்து பாடச் சொன்னபோது, அவர்களுள் 40 விழுக்காட்டினர் குறைந்தது ஒரு பாடலையாவது மூலப் பதிவின் அதே சுருதியில் பாடினார்கள். பன்னிரண்டு சுரத்தானங்களில் ஒன்று தற்செயலாக அமைந்துவிடும் வாய்ப்பைவிட இது மிகவும் கூடுதல்.

ஆனால் அதே பாடலின் இரண்டாம் சரணத்தைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் பலரும் திணறிப்போவார்கள். கண்ட பொருளை அடையாளம் காண்பது வேறு, காணாத பொருளை மனத்திலிருந்து வரவழைப்பது வேறு. பின்னதற்கு ஏதேனும் ஒரு தூண்டுதல் தேவைப்படுகிறது. பாடலில் ஒவ்வோர் அடியும் அடுத்த அடிக்குத் தூண்டுதலாக இருப்பதால், பல்லவியிலிருந்து பாடி வருபவருக்குச் சரணம் தானாகவே நாவில் வந்து நிற்கிறது. ஒலிநாடாவில் ஒரு பாடல் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் வரும் சிறு அமைதியில், அடுத்த பாடலின் முன்னிசை மனத்தில் ஓடத் தொடங்கிவிடுவதை அக்காலத்தில் கேட்டவர்கள் அறிவார்கள். நன்கு பழகிய குறுந்தட்டுகளைக் கொண்டு 2009இல் வெளியான ஒரு மூளைப் படப்பிடிப்பு ஆய்வு, அந்த அமைதியின்போது மூளையின் முன்பகுதியில், அசைவுகளைத் திட்டமிடும் பகுதிகளும் உட்பட, செயல்பாடு கூடுவதைக் காட்டியது.

இனி, பாடலோடு சேர்ந்து ஒரு வீடும் ஒரு கோடை விடுமுறையும் ஏன் திரும்புகின்றன என்பது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பீட்டர் ஜனாட்டா, மாணவர்களுக்கு அவர்களுடைய 8 முதல் 18 வயது வரையிலான காலத்துப் பாடல்களைக் கேட்கச் செய்து மூளையைப் படமெடுத்தார். சொந்த வாழ்க்கை நினைவு வலுவாக எழுந்த பாடல்களின்போது, நெற்றிக்குப் பின்னால் அமைந்த நடு முன்மூளைப் புறணியில் செயல்பாடு மிகுந்திருந்தது. இசையின் சுர நகர்வைப் பின்தொடர்ந்ததும் அதே பகுதியே.

இங்கேதான் பாடலைக் கேட்காமலே கழிந்த இடைப்பட்ட ஆண்டுகளின் பங்கு வருகிறது. ஒரே தூண்டுதலோடு பல நினைவுகள் பிணைக்கப்படும்போது, அவற்றுள் ஒன்றைத் தனியே எழுப்பும் வலிமை அதற்குக் குறைகிறது என்பது உளவியலில் நிலைபெற்ற கருத்து. திருமண மண்டபம், தொலைக்காட்சி, கைப்பேசி அழைப்போசை என்று எங்கும் ஒலித்துக்கொண்டே இருந்த பாடல் எந்த ஒரு காலத்திற்கும் சொந்தமாக இருப்பதில்லை. ஒருசில ஆண்டுகள் மட்டும் கேட்டுப் பிறகு தொலைந்துபோன பாடலுக்கோ அந்த ஆண்டுகள் மட்டுமே உண்டு.

அது நம் தலைமுறைப் பாடலாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கரோல் கிரம்ஹான்சலும் ஜஸ்டின் சுப்னிக்கும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இருபது வயதை ஒட்டிய அமெரிக்க இளைஞர்களுக்குத் தங்கள் காலப் பாடல்களோடு, பெற்றோரின் இளமைக்காலப் பாடல்களிலும் பற்றும் நினைவும் மேலெழுந்து தெரிந்தன. அப்பாவின் வானொலியிலிருந்து அடுக்களை வரை கேட்டுக்கொண்டிருந்தவை, யாரும் கற்றுத் தராமலே பிள்ளைகளின் நினைவில் பதிந்திருக்கின்றன.

மீண்டும் கிடைத்த பாடலை அடுத்த வாரம் முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்டால் அது புதிய நாள்களோடும் பிணையத் தொடங்கும். மெட்டும் சொற்களும் முன்னைவிடத் தெளிவாகப் பதியும். முதல் முறை எழுந்த பழைய வீட்டின் காட்சியோ சற்றே மங்கலாகும்.