விதை சிறுத்திருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை, ஊசி அல்ல

ஆணின் விதைகள் (விரைகள்) சிறிதாக இருக்கின்றன என்று நேரடியாகச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறைவு. குழந்தை இல்லை என்று தம்பதியாக வருவார்கள், விந்துப் பரிசோதனையில் அணுக்களே இல்லை என்ற அறிக்கையை நீட்டுவார்கள். படுக்கவைத்துத் தொட்டுப் பார்த்தால்தான் காரணம் கைக்குத் தட்டுப்படும். இன்னொரு பக்கம், இணையத்தில் எதையோ பார்த்துவிட்டுப் பயந்து வரும் இளைஞர்கள். இவர்களில் பலருக்கு அளவு சரியாகவே இருக்கும். ஆனால் என்னிடம் வருவதற்குள் சிலர் யாரோ சொன்ன ஹார்மோன் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதுதான் எனக்கு அதிகக் கவலை.

முதலில் அளவு. வளர்ந்த ஆணின் விதை 4 முதல் 5 செ.மீ. நீளமும் 15 முதல் 25 மி.லி. கன அளவும் இருக்கும். 12 மி.லி.க்குக் கீழே இருந்தால் கொஞ்சம் கவனித்துப் பார்ப்போம். இதை அளக்க, 1 முதல் 25 மி.லி. வரை படிப்படியாகப் பெரிதாகும் நீள்வட்ட மணிகளைக் கோத்த ஒரு சரம் எங்களிடம் உண்டு. சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆந்திரேயா பிராடர் 1966இல் அறிமுகப்படுத்தியது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில் பிழை அதிகம். குளிரில் சுருங்குவது பை, விதை அல்ல. ஒன்று சற்றே பெரிதாக இருப்பதும் ஒன்று கீழே தொங்குவதும் இயல்பு. ஆணுறுப்பின் நீளத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். சுய இன்பத்தால் விதை சிறுக்காது. இதைக் கேட்கத் தயங்கித் தயங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்காக நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன்.

அளவு ஏன் முக்கியம்? விதையின் பருமனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் விந்தணு உருவாகும் நுண்குழாய்கள்தான். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் செல்கள் இடையில் கொஞ்சமாகத்தான் இருக்கின்றன. அதனால் மீசை, தாடி, கனத்த குரல், தாம்பத்தியம் எல்லாம் சரியாக இருக்கும் ஒருவருக்கும் விதை சிறிதாக இருந்து, விந்தணு இல்லாமல் போகலாம். அவரால் நம்பவே முடியாது. விந்து வெளியேறுகிறதே, அப்புறம் எப்படி என்பார். விந்துத் திரவத்தின் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருகிறது. அணு இல்லாவிட்டாலும் திரவம் வரும்.

காரணத்தைத் தேடும்போது நாங்கள் முதலில் கேட்பது, கோளாறு விதையிலேயே இருக்கிறதா, அதற்கு உத்தரவு தரும் இடத்தில் இருக்கிறதா என்பது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பித்தான் விதையை வேலை செய்ய வைக்கிறது. விதை பழுதாகியிருந்தால் பிட்யூட்டரி மேலும் மேலும் அனுப்பும், ரத்தத்தில் அவை ஏறியிருக்கும். பிட்யூட்டரியே அனுப்பாவிட்டால் இரண்டும் தாழ்ந்திருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் வைத்தியம் தொடங்குவது இருட்டில் கல்லெறிவது.

விதையிலேயே கோளாறு என்ற பட்டியலில் நான் முதலில் நினைத்துப் பார்ப்பது கிளைன்ஃபெல்ட்டர் குறைபாடு. ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும். ஹாரி கிளைன்ஃபெல்ட்டர் 1942இல் இதை விவரித்தார், கூடுதல் குரோமோசோம்தான் காரணம் என்பது 1959இல் தெரியவந்தது. ஏறக்குறைய 500 முதல் 1000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது, அப்படியொன்றும் அபூர்வம் அல்ல. ஆனாலும் பெரும்பாலோர் வாழ்நாள் முழுக்கக் கண்டுபிடிக்கப்படாமலே இருந்துவிடுகிறார்கள். விதைகள் பெரும்பாலும் 5 மி.லி.க்குக் கீழே, கெட்டியாக இருக்கும். கால்கள் நீண்டு உயரமாக இருப்பது, மார்பு கொஞ்சம் பெருத்திருப்பது, முகத்தில் முடி குறைவாக இருப்பது ஆகியவை சிலருக்கு இருக்கும், சிலருக்கு எதுவுமே இருக்காது. பள்ளியில் பேச, படிக்கச் சிரமப்பட்டிருப்பார்கள், அதை யாரும் இதோடு சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். குரோமோசோம் பரிசோதனை ஒன்று செய்தால் போதும், தெரிந்துவிடும். குழந்தைக்கு வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நுண்ணோக்கியின் உதவியோடு விதைத் திசுவில் தேடினால் இவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்களிடம் விந்தணு கிடைக்கிறது.

இனி அந்த ஊசி. ஜிம்மில் தசை ஏற்றவும், களைப்பு போகவும், சில சமயம் விதை சிறிதாக இருக்கிறது என்பதற்காகவே டெஸ்டோஸ்டிரோன் அல்லது அனபாலிக் ஸ்டீராய்டு போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் பிட்யூட்டரி, போதுமான அளவு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடும். விதைக்கு வேலை இல்லாமல் போகும், சிறுக்கும், விந்தணு உற்பத்தி நிற்கும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைய இருந்தாலும், விந்தணு உருவாவதற்கு விதைக்குள்ளே இருக்க வேண்டிய மிக அதிகமான அளவு அங்கே இருக்காது. உலக சுகாதார அமைப்பு வாராந்திர டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்துப் பார்த்து, 1990களில் முடிவுகளை வெளியிட்டிருக்கிறது. அந்த மருந்தைத்தான் குழந்தைக்கு முயன்றுகொண்டிருப்பவர் ஆண்மைக்காக என்று போட்டுக்கொள்கிறார்! நிறுத்தினால் பலருக்கு மீண்டு வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒன்றிரண்டு வருடம்கூட. நீண்ட காலம் அதிக அளவில் போட்டவர்களுக்கு முழுதாக மீளாமலும் போகலாம். கிரீமாகத் தடவினாலும் கதை இதுதான். மருத்துவர் எழுதித் தந்தாலும், குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருப்பதை அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

பிட்யூட்டரி உத்தரவு அனுப்பாத நிலைக்கு வேறு காரணங்களும் உண்டு. கால்மன் குறைபாடு உள்ள பையன்களுக்குப் பருவ மாற்றமே தொடங்காது, வாசனையும் தெரியாது. வாசனை தெரிகிறதா என்று கேட்டால், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்பார்கள். கருவில் இருக்கும்போது வாசனை நரம்புகளோடு சேர்ந்து மூளைக்குள் நகர வேண்டிய செல்கள்தான் பிட்யூட்டரியைத் தூண்டுபவை. அந்தப் பயணம் தடைபட்டால் இரண்டும் பழுதாகும். பிட்யூட்டரியில் வரும் கட்டிகள் இன்னொரு காரணம். தலைவலி, பக்கவாட்டுப் பார்வை மங்குதல், ஆசை குறைதல் ஆகியவை கூடவே வந்தால் பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின் அளவையும் பார்க்க வேண்டும். இந்த வகையில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. எல்.எச். போலவே வேலை செய்யும் எச்.சி.ஜி., அதோடு எஃப்.எஸ்.எச். ஊசிகளைப் பல மாதம் போட்டால் விதை வளர்வதையும் விந்தணு தோன்றுவதையும் பலரிடம் பார்க்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் சிறிதாக இருந்தால் பழைய கதையைக் கேட்க வேண்டும். குழந்தையில் விதை பைக்குள் இறங்காமல் இருந்ததா? நிறைமாதக் குழந்தைகளிலேயே 100க்கு 3 பேருக்கு இது உண்டு. ஆறு மாதத்துக்குள் தானாக இறங்காவிட்டால் ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும். சிறு வயதில் விதையில் கடும் வலி வந்து தானாக அடங்கியதா? அது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் பிரிக்காவிட்டால் ரத்த ஓட்டம் இல்லாமல் விதை செத்துச் சுருங்கும். பருவத்துக்குப் பின் பொன்னுக்கு வீங்கி வந்து, கூடவே விதையும் வீங்கியிருந்தால் அதுவும் சுருங்கலாம். பெரும்பாலும் ஒரு பக்கம்தான், முழு மலட்டுத்தன்மை அபூர்வம். குடலிறக்க அறுவைக்குப் பிறகும் எப்போதாவது நடக்கும்.

இடது பக்கம் சிறுத்திருந்தால் வெரிகோசில் இருக்கிறதா என்று நிற்கவைத்துப் பார்ப்போம். விதைக்கு மேலே ரத்தக்குழாய்கள் புடைத்து, பைக்குள் மண்புழுக்கள் போலக் கையில் தட்டுப்படும். இடது விதையின் ரத்தக்குழாய் சிறுநீரக நாளத்தில் செங்குத்தாகச் சேர்வதால் அந்தப் பக்கம்தான் அதிகம். ஆண்களில் 15 சதவீதம் பேருக்கு இருக்கிறது, எல்லோருக்கும் அறுவை தேவையில்லை. வளரும் பையனின் விதை பின்தங்கினாலோ, விந்தணு குறைந்து குழந்தை தாமதமானாலோ யோசிக்கலாம்.

அதோடு, சிறிது என்று காட்டப்படும் விதை சரியாகவே இருந்து, மற்றது பெருத்திருக்கவும் கூடும். நீர் கோத்திருந்தால் பயமில்லை. வலியில்லாத கெட்டியான கட்டி என்றால் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. விதைப் புற்றுநோய் இளம் வயதினரிடம்தான் அதிகம், சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகும்.

கீமோதெரபி, கதிர்வீச்சு, அதிகக் குடி, கல்லீரல் சுருக்கம் ஆகியவற்றாலும் விதை சிறுக்கும். கீமோ தொடங்கும் முன்பே விந்தணுவை உறைய வைத்துக்கொள்வது பற்றிக் கேட்டுவிடுங்கள்.

டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனையைக் காலையில் வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாட்களில் எடுக்க வேண்டும். மாலையில் எடுத்த ஒரு முடிவை வைத்து யாருக்கும் குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது. 14 வயது முடிந்தும் ஒரு பையனுக்கு விதை வளரத் தொடங்கவில்லை என்றால், தாமதமாக வளர்கிறான் என்று விட்டுவிடாமல் ஒருமுறை காட்டிவிடுங்கள். பலருக்கு அது வெறும் தாமதம்தான், ஆனால் அதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.