தப்பு நடந்த அந்த அரை நொடி

என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் அவளுடைய கணக்கு நோட்டைப் புரட்டினால், ஒரு தாளில் ஓட்டை. விடை தப்பு என்று தெரிந்ததும் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளே கிழிந்துவிட்டது. "யாரும் பார்த்துடக் கூடாதுன்னு அழிச்சேன்" என்றாள். "எங்க பொண்ணு கணக்குல புலி" என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்தவர்கள் நாங்கள். அந்தப் புகழ்ச்சிக்கும் இந்த ஓட்டைக்கும் தொடர்பு இருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்க உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, அந்தத் தொடர்பைத்தான் சோதித்துப் பார்த்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வடிவப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் எல்லோருக்கும் பாராட்டு. கூடவே சொன்ன ஒரு வரி மட்டும் வேறு வேறு. சிலரிடம் "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்றார்கள், சிலரிடம் "நல்லா உழைச்சிருக்கே" என்றார்கள். அடுத்த சுற்றில் வேண்டுமென்றே கடினமான புதிர்கள்; எல்லோருமே சறுக்கினார்கள். மூன்றாவது சுற்றில் மறுபடி முதல் சுற்றைப் போலவே எளிதானவை. இதில் கெட்டிக்காரர் என்று புகழப்பட்டவர்கள், தாங்கள் முதலில் எடுத்ததைவிடக் குறைவாக எடுத்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னைவிடக் கூடுதலாக எடுத்தார்கள்.

என்னை உலுக்கியது வேறொரு தகவல். முகம் தெரியாத இன்னொரு மாணவருக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதி அனுப்பச் சொன்னபோது, கெட்டிக்காரர் குழுவில் 38 சதவீதம் பேர் பொய்யாக எழுதினார்கள். உழைப்புக் குழுவில் 13 சதவீதம்தான். என் வீட்டு ரப்பர் ஞாபகம் வந்துவிட்டது.

திறமை என்பது பிறக்கும்போதே அளந்து கொடுத்தது என்று நம்பினால், ஒவ்வொரு தப்பும் 'உன் அளவு இவ்வளவுதான்' என்ற தீர்ப்பாகிவிடும். தீர்ப்பை யார்தான் திரும்பத் திரும்பப் படிப்பார்கள்? மறைக்கத்தான் தோன்றும். திறமை பழகப் பழகக் கூடும் என்று நம்புகிறவருக்கு அதே தப்பு ஒரு தகவல். இந்த இரண்டாவது நம்பிக்கையைத்தான் வளர்ச்சி மனப்பான்மை என்கிறார் டுவெக்.

இந்த வித்தியாசம் மூளை அலைகளிலும் தெரிகிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேசன் மோசர் குழு, 2011-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, 25 மாணவர்களின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, ஒரு சலிப்பான வேலை கொடுத்தது. திரையில் ஐந்து எழுத்துகள் மின்னி மறையும். நடு எழுத்து எது என்று பொத்தானை அழுத்த வேண்டும். வேகமாகச் செய்தால் யாருக்கும் கை தவறும். தவறிய உடனே, நாம் உணரும் முன்பே, மூளையில் ஒரு அலை எழும். அப்புறம் அரை நொடிக்குள் இன்னொரு அலை. 'என்ன நடந்தது?' என்று கவனம் அந்தத் தப்பின் பக்கம் திரும்புவதன் அடையாளம் அது. வளர்ச்சி மனப்பான்மை மிகுந்தவர்களிடம் இந்த இரண்டாவது அலைதான் பெரிதாக இருந்தது. தப்புக்கு அடுத்த முயற்சியில் அவர்கள் கூடுதலாகச் சரியாகவும் அழுத்தினார்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும் நம்பிக்கை எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதை அது காட்டுகிறது.

நாற்பது வயதில் கார் ஓட்டக் கற்கிறவரை எண்ணிப் பாருங்கள். சிக்னலில் வண்டி நின்றுவிடுகிறது. "எனக்கெல்லாம் இது வராது" என்று நினைத்த கணமே கவனம் வண்டியை விட்டுத் தன்மேல் போய்விடும். "கிளட்சைச் சீக்கிரம் விட்டுட்டேனோ?" என்று கேட்டால் பார்வை காலுக்குப் போகும். அடுத்த தடவை மாற்றிச் செய்ய அவரிடம் ஒன்று இருக்கிறது.

வளர்ச்சி மனப்பான்மையை மந்திரம் போல விற்பவர்களும் உண்டு, நம்பாதீர்கள். அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 2019-இல் வெளியான பெரிய ஆய்வில், இந்த மனப்பான்மையைச் சொல்லித்தரும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சியால், படிப்பில் பின்தங்கியவர்களின் கிரேடு சராசரி 0.1 புள்ளிதான் உயர்ந்தது. அதுவும், கடினமானதை முயல்வதை உடன் படிப்பவர்கள் மதிக்கும் பள்ளிகளில்தான் பலன் கூடுதல். சுற்றியிருப்பவர்கள் தப்பைக் கண்டு சிரித்தால், பிள்ளை மட்டும் நம்பி என்ன செய்யும்? வெறுமனே "முயற்சி செய்" என்பதும் போதாது. பலிக்காத வழியிலேயே முட்டிக்கொண்டிருப்பவருக்கு வேறு வழி காட்ட வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் ரப்பரை எடுக்கும் முன் தப்பான விடையைக் கொஞ்ச நேரம் பார்க்கிறோம். போன வாரம் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. பென்சிலைக் கடித்தபடி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று கேட்டாள்: "அப்பா, அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தும் அரையை விடக் கம்மியா எப்படி வரும்?"