லயபிலிற்றி: நட்டஈட்டுப் பொறுப்பு

லயபிலிற்றி (liability) என்ற ஆங்கிலச் சட்டச் சொல்லைப் பொறுப்பு என்று மட்டும் எழுதினால் பாதிதான் விளங்கும். மூத்த பிள்ளைக்கு இருப்பதும் பொறுப்பு, சங்கப் பொருளாளருக்கு இருப்பதும் பொறுப்பு. சட்டம் இச்சொல்லால் கேட்பது ஒன்றைத்தான்: நட்டத்தை யார் கொடுப்பது?

ஆங்கிலச் சொல்லின் வேர் 'லிகாரே' என்ற இலத்தீன் வினை. கட்டுதல், பிணைத்தல் என்று பொருள். நம் பொறுப்பு, 'பொறு' என்பதிலிருந்து வந்தது, சுமத்தல், தாங்குதல். வன்னியில் கேட்டுக் கேட்டுப் பழகிய 'பொறுப்புக்கூறல்' வேறு. அது நடந்ததற்குப் பதில் சொல்வது. பதில் சொன்னவர் ஒரு சதமும் கொடுக்காமல் போகலாம். ஆகவே 'நட்டஈட்டுப் பொறுப்பு' என்று எழுதுவதே சரி.

வயலுக்கு ட்ரோனால் மருந்தடிப்பதை எடுத்துக்கொள்வோம். வழியைக் குறித்துவிட்டால் அது தானே பறந்து அடித்து முடிக்கும். அகன்ற இலைக் களைக்கு அடித்த களைநாசினி காற்றோடு பக்கத்து மேட்டுக்காணிக்குப் போனால், மிளகாய்க் கன்றின் குருத்திலை முறுகிச் சுருளும், தண்டு வளையும். நெல் அப்படியே நிற்கும். மிளகாய்க்காரர் யாரிடம் போவது? வயல்காரரிடமா, ட்ரோனை வாடகைக்கு விட்டவரிடமா, மென்பொருள் எழுதிய கம்பனியிடமா?

இலங்கையில் இதற்கு, ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோம-டச்சுச் சட்டம். பொதுவாக எதிராளியின் கவனக்குறைவை வழக்காளி நிரூபிக்க வேண்டும். இங்கேதான் இடிக்கிறது. ட்ரோன் எந்த இடத்தில் ஏன் திரும்பியது என்ற பதிவு தோட்டக்காரர் கையில் இருக்காது.

அதே சட்டத்தில் கவனக்குறைவைக் கேளாத பழைய கிளை ஒன்றும் உண்டு. வளர்ப்பு விலங்கு தன் இனத்தின் இயல்புக்கு மாறாக நடந்து தீங்கு செய்தால், உரிமையாளர் தவறு செய்யாவிட்டாலும் அவரே ஈடு கொடுக்க வேண்டும். கால்நடைகள் அத்துமீறி மேய்வதற்கென்றே 1876 இல் ஒரு கட்டளைச்சட்டம் வந்தது. கட்டாக்காலி மாடு பயிரைத் தின்றால், 'மாடு தானாகப் போனது' என்ற சாட்டு ஊரில் எடுபடாது. ட்ரோனுக்கும் அதே நியாயம் வேண்டும். ஏவிவிட்டு ஆதாயம் எடுப்பவர் முதலில் கொடுக்கட்டும். அப்புறம் கம்பனியோடு கணக்குத் தீர்க்கட்டும். பிரித்தானியா 2018 இல் தானோடும் வாகனங்களுக்கு இயற்றிய சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான்: காப்புறுதி நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கும், பிறகு பிழைவிட்டவரிடம் அறவிடும். ஐரோப்பிய ஒன்றியம் பழுதான பொருளுக்கு ஈடு கேட்கும் சட்டத்தில் 2024 இல் மென்பொருளையும் உற்பத்திப் பொருளாகச் சேர்த்ததால், 2026 டிசம்பர் 9 க்குப் பிறகு அங்கே சந்தைக்கு வருபவற்றில் பழுதான மென்பொருளை எழுதிய கம்பனியையும் பிடிக்கலாம்.

ரோபோவையே சட்டத்தின் முன் ஓர் 'ஆள்' ஆக்குவதைப் பரிசீலிக்கலாம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2017 இல் சொன்னது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காணியோ வங்கிக் கணக்கோ இல்லாத ஒன்றிடம் எதை அறவிடுவது?

ட்ரோனை வாடகைக்குப் பிடிக்கும் வயல்காரர், நட்டஈட்டுப் பொறுப்பு யாருடையது என்று துண்டில் ஒரு வரி எழுதி வாங்குவது நல்லது. ஆனால் அந்த வரி பக்கத்துக் காணிக்காரரைக் கட்டுப்படுத்தாது. அவர் இருவர் மேலும் வழக்குப் போடலாம்.