தென்பெண்ணை கடலில் கலக்கும் இடத்தில் என்ன நடக்கிறது?

கிருஷ்ணகிரியில் தென்பெண்ணையின் குறுக்கே இருக்கிற கேஆர்பி டேம் நிரம்பி ஷட்டரைத் திறந்துவிட்டால் போதும், காவேரிப்பட்டணம் பக்கம் ஆற்றை வேடிக்கை பார்க்க நிற்கிற கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "இவ்வளவு தண்ணியும் கடலுக்குப் போயி வீணாப் போவுதே!" ஒகேனக்கல்லில் அருவியே தெரியாத அளவுக்குக் காவிரி பெருகி ஓடும்போது தருமபுரிக்காரர்கள் சொல்வதும் இதேதான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. புளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்துப் பல்லில் கறையும் எலும்பில் வலியும் வாங்கிக்கொண்ட ஊர்கள் உள்ள மாவட்டம் இது, உபரி நீரை எங்கள் ஏரிகளுக்குத் திருப்புங்கள் என்று கேட்பவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கடலுக்குப் போன தண்ணீர் அங்கே போய் என்ன செய்கிறது என்பதைக் கடற்கரையே இல்லாத மாவட்டத்துக்காரர்களான நாம் பெரும்பாலும் பார்த்ததில்லை. அது அங்கே சும்மா இருப்பதில்லை.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிற தென்பெண்ணை, ஓசூரில் கெலவரப்பள்ளி, அப்புறம் கேஆர்பி, நெடுங்கல், ஈச்சம்பாடி, சாத்தனூர், திருக்கோவிலூர் என்று நானூறு கிலோமீட்டர் அளவுக்கு ஓடி, கடலூருக்குச் சற்று வடக்கே தாழங்குடா பக்கம் வங்கக் கடலில் சேர்கிறது. ஒகேனக்கல்லைத் தாண்டிய காவிரியோ மேட்டூரில் தேங்கி, திருச்சி முக்கொம்பில் பிரிந்து, வெள்ளக் காலத்தில் பெரும்பகுதி கொள்ளிடம் வழியாகப் பழையாறு அருகே கடலுக்குப் போகிறது. கொள்ளிடத்தின் முகத்துக்கும் வெள்ளாற்றின் முகத்துக்கும் நடுவில்தான் பிச்சாவரம். ஆக கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்து மழையும் கடைசியில் போய்ச் சேருவது கடலூர், சிதம்பரம், சீர்காழி பக்கத்துக் கழிமுகங்களுக்கு.

கழிமுகம் என்றவுடன் ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் சந்தித்த உடனே கலந்துவிடும் என்றுதான் தோன்றும். அப்படி நடப்பதில்லை. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது, அதனால் ஆயிரம் லிட்டர் கடல் நீர் அதே அளவு நல்ல தண்ணீரைவிட சுமார் 25 கிலோ கனம். கனமானது கீழே போகும், லேசானது மேலே மிதக்கும். ஓதம் (கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குவது) ஏறும்போது கடல் நீர் ஆற்றின் அடித்தரையை ஒட்டி ஆப்பு மாதிரி உள்ளே நுழைகிறது, அதற்கு மேலே ஆற்றுத் தண்ணீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், மேலே ஒரு திசை, கீழே எதிர்த் திசை. காற்றும் அலையும் நீரோட்டத்தின் வேகமும் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கின்றன. நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது, குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது பத்து மீட்டர் அளவுக்குப் போகும். ஓதம் இங்கே இவ்வளவு பலவீனமாக இருப்பதால், கழிமுகத்தில் உப்பு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதில் ஆற்றுக்குத்தான் பெரிய பங்கு. வெள்ளம் வந்தால் உப்பு ஆப்பு மொத்தமாகக் கடலுக்குத் தள்ளப்படும், ஆறு வறண்டால் உப்பு மேலேறி வந்து கரையோரக் கிணறுகள் வரைக்கும் தொட்டுப் பார்க்கும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறி வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது ஞாபகம் இருக்கும். அந்தத் தண்ணீரும் சேர்ந்துதான் சாத்தனூரிலிருந்து ஒரு கட்டத்தில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள், அதாவது வினாடிக்குச் சுமார் 48 லட்சம் லிட்டர். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் ஊர்கள் மூழ்கிய துயரம் அது, அதை இங்கே அழகுபடுத்திச் சொல்ல மாட்டேன். கழிமுகத்தின் கணக்கில் பார்த்தால் அப்படி ஒரு வெள்ளம் கொண்டுவருவது தண்ணீர் மட்டுமல்ல, செம்மண் நிறத்தில் வந்த அத்தனை சேறும்தான்.

அந்தச் சேற்றுக்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்த பகுதி. களிமண் துகள்கள் மிக நுண்ணியவை, அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும், அதனால்தான் வெள்ளத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தால்கூட அது தெளிய நாள்கணக்கில் ஆகிறது. கழிமுகத்தில் லிட்டருக்குச் சில கிராம் உப்பு சேர்ந்ததும் சோடியம், மெக்னீசியம் போன்ற நேர்மின் அயனிகள் அந்த விலக்கத்தை முறித்துவிடுகின்றன. பாலில் எலுமிச்சைச் சாறு விட்டதும் திரிந்து கட்டியாவது போல, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகிக் கீழே இறங்குகின்றன. சூளகிரியிலோ பர்கூரிலோ மானாவாரி நிலத்திலிருந்து மழையில் அரித்துப் போன மண்ணில் ஒரு பங்கு, வழியில் அணைகளில் படிந்தது போக மிச்சம், இப்படித்தான் கடலூர்ப் பக்கம் சேற்றுத் திட்டாகப் படிகிறது.

மண்ணாகப் போவது ஒரு பக்கம். கரைந்து போவது இன்னொரு பக்கம், அது கண்ணுக்கே தெரியாது. கிருஷ்ணகிரி என்றால் மாம்பழத்துக்கு அடுத்து கிரானைட் அல்லவா, அந்தக் கிரானைட்டிலும் அதன் உறவுக்காரப் பாறைகளிலும் இருக்கிற ஃபெல்ஸ்பார் என்கிற கனிமம், மழைநீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடால் மெதுவாகச் சிதைந்து களிமண்ணாக மாறும்போது கொஞ்சம் சிலிக்காவைத் தண்ணீரில் விட்டுவிடுகிறது. ஆறு அதை அப்படியே சுமந்துபோகிறது. கழிமுகத்தில் அதற்காகவே ஒரு கூட்டம் காத்திருக்கிறது: டயாட்டம் என்ற ஒற்றைச்செல் பாசிகள். சிலிக்கா இல்லாமல் அவற்றுக்கு ஓடு கட்ட முடியாது, ஓடு இல்லாமல் பெருக முடியாது. வெள்ளத்தோடு நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்து வரும்போது, கலங்கல் தெளிந்து வெயில் உள்ளே இறங்கியதும் டயாட்டங்கள் பெருகுகின்றன, அவற்றை மேய மிதவை உயிரிகள், அவற்றைத் தின்ன மீன் குஞ்சுகள், இறால் குஞ்சுகள். கடலூர்த் துறைமுகத்தில் ஏலம் போகிற ஒரு கூடை இறாலில் நம் ஊர்ப் பாறைக்கும் ஒரு துளி பங்கு இருக்கிறது.

அணை கட்டினால் இந்தச் சிலிக்காவும் தடைபடுகிறது. தேங்கிய நீரில் அங்கேயே டயாட்டங்கள் வளர்ந்து, செத்து, அடியில் படிந்துவிடுவதால் கீழே போகும் தண்ணீரில் சிலிக்கா குறைகிறது. நைட்ரஜனும் பாஸ்பரஸுமோ ஊர்ச் சாக்கடை, வயல் உரம் இவற்றின் புண்ணியத்தில் குறையாமல் வந்துகொண்டிருக்கும். கெலவரப்பள்ளி அணையில் மலைபோல் பொங்கி வழியும் நுரையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிலிக்கா குறைந்து மற்ற இரண்டும் கூடிய தண்ணீரில் டயாட்டங்களுக்குப் பதிலாக வேறு வகைப் பாசிகள் முந்திக்கொள்கின்றன, அவற்றில் சில மீனுக்கு உதவாது, சில நஞ்சு.

சரி, சேற்றுக்கு வருவோம். வற்றத்தின்போது வெளியே தெரியும் கழிமுகச் சேறு பார்க்க வெறும் சகதிதான், நாற்றம் வேறு. மேலே ஓர் ஒல்லியான பழுப்புப் படலம், அதைக் கொஞ்சம் கிளறினால் கருப்பு. கீழே ஆக்சிஜன் இல்லை. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல் நீரில் உள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி மட்கிய இலைதழைகளைச் செரிக்கின்றன, அதில் வெளிவரும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த அழுகிய முட்டை வாசனை, அதுவே இரும்போடு சேர்ந்து சேற்றைக் கருப்பாக்குகிறது. இப்படிப்பட்ட இடத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்டால், கூட்டம் கூட்டமாக இருக்கிறார்கள். ஒரு கை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கும் சின்ன நண்டுகள், வளை தோண்டிச் சேற்றுக்குள் காற்றை இறக்குகின்றன. செவுள் அறையில் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு, ஈரத் தோலாலும் மூச்சுவிட்டபடி தரையில் தாவித் திரிகிற மீன்கள் இருக்கின்றன. புழுக்களும் மட்டிகளும் உள்ளே புதைந்திருக்கின்றன. இவற்றை நம்பித்தான் வடக்கே சைபீரியாப் பக்கத்திலிருந்து உள்ளான்கள் என்ற கரைப்பறவைகள் குளிர்காலத்தில் வந்து இறங்குகின்றன. அவற்றின் அலகு நீளம் ஆளுக்கொரு அளவு: குட்டை அலகு மேலே இருப்பதைப் பொறுக்கும், நீள அலகு ஆழத்தில் இருக்கும் புழுவை இழுக்கும், ஒரே சேற்றில் பெரிய போட்டியில்லாமல் பந்தி நடக்கும்.

மீன்களுக்குக் கழிமுகத்தில் பெரிய சோதனை உப்புதான். நம் டேமில் பிடித்துப் பொரிக்கிற ரோகுவும் கட்லாவும் எப்போதும் உடம்புக்குள் புகுந்துகொண்டே இருக்கும் தண்ணீரை நிறைய சிறுநீராக வெளியேற்றிப் பிழைக்கின்றன. கடல் மீனுக்கு நேர் எதிர், அதன் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே கசிந்துகொண்டே இருப்பதால் அது கடல் நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாகத் தள்ளுகிறது. கழிமுக மீன்களான மடவையும் கொடுவாவும் இரண்டையும் செய்யும், செவுளில் உள்ள உப்புச் செல்களைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று நாம் திட்டுவதற்குப் பயன்படுத்துகிற விலாங்கு இதில் கெட்டிக்காரன். கடலில் பொரித்து, கண்ணாடி மாதிரி உடம்போடு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, ஈரப் பாறையில் நெளிந்து ஏறி ஆற்றின் மேல்பகுதிக்குப் போய், பல வருஷம் நல்ல தண்ணீரில் வளர்ந்து, கடைசியில் ஒரே ஒரு முறை முட்டையிடக் கடலுக்குத் திரும்பிப் போய்ச் சாகும். ஆற்று இறாலும் ஏறக்குறைய இப்படித்தான்: வளர்வது நல்ல தண்ணீரில், ஆனால் அதன் குஞ்சுகளுக்கு உவர்நீர் வேண்டும், பண்ணைகளில் லிட்டருக்கு 12 கிராம் அளவு உப்பு வைத்துத்தான் வளர்க்கிறார்கள். வங்காளிகள் உயிரைவிடுகிற இலிஷ் மீன், நம் ஊரில் உள்ளம் என்பது, ஒரு காலத்தில் காவிரியிலும் முட்டையிட ஏறி வந்தது. 1934ல் மேட்டூர் அணை வந்தபிறகு அது சரிந்துபோனது. இப்படி மேலும் கீழும் போய்வர வேண்டிய உயிர்களுக்கு ஆறு முழுக்க ஒரே வீடு, அதில் நடுவில் சுவர் எழுப்பினால் ஒரு அறையில் மட்டும் குடும்பம் நடத்த முடியாது.

மரங்களும் உப்போடுதான் மல்லுக்கட்டுகின்றன. பிச்சாவரத்துச் சுரபுன்னை வேரிலேயே பெரும்பாலான உப்பை வடிகட்டி நிறுத்திவிடும், அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து நீளமான முருங்கைக்காய் அளவுக்கு வளர்ந்துதான் கீழே விழும். அலையாத்தி மரம் உப்பை உள்ளே விட்டு இலை வழியாக வெளியே கொட்டும், வெயிலில் அந்த இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வேர் மூச்சுவிட வேண்டுமே, அதற்காகப் பென்சில் பென்சிலாக மூச்சு வேர்களை மேலே நீட்டிவைத்திருக்கும். இரண்டில் அலையாத்திதான் அதிக உப்பைத் தாங்கும். நல்ல தண்ணீர் வரத்து குறையக் குறைய உப்புக்கு அஞ்சும் மர வகைகள் ஒதுங்கி அலையாத்தி மட்டும் பரவும், முத்துப்பேட்டைக் காடு கிட்டத்தட்ட முழுக்க அலையாத்தியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உவர்நிலக் காடுதானே, நல்ல தண்ணீர் எதற்கு என்று கேட்டால் இதுதான் பதில்.

கடைசியாக மணல். தமிழகத்தின் கிழக்குக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் தெற்கு நோக்கி. கோடையில் ஆற்றில் ஓட்டம் நின்றதும் இந்த மணல் முகத்துவாரத்தின் குறுக்கே மேடாகச் சேர்ந்து வாயைச் சுருக்குகிறது, சில சமயம் அடைத்தே விடுகிறது. அடைத்தால் உள்ளே தேங்கிய தண்ணீர் வெயிலில் சுண்டிக் கடலைவிடக் கரிக்கும், படகு போகாது, குஞ்சு மீன் வர முடியாது. அந்த மேட்டை உடைத்துத் திறப்பது மழைக்கால வெள்ளம்தான். பொக்லைன் வைத்தும் திறக்கலாம், திறக்கிறார்கள், ஆனால் உள்ளிருந்து தள்ளும் தண்ணீர் இல்லாவிட்டால் கடல் சீக்கிரமே மறுபடி அடைத்துவிடும். அதோடு அணைகள் மணலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, மிச்சத்தை லாரிகள் அள்ளிக்கொள்கின்றன, கடற்கரைக்கு வர வேண்டிய மணல் வராதபோது அலை கரையைத் தின்னத் தொடங்குகிறது.

நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி நல்ல நேரம்: வெள்ளம் வடிந்திருக்கும், வலசை வந்த பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது. பிச்சாவரத்தில் படகு எடுப்பவர்கள் காலையிலேயே போய், வற்றம் எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் ஏறி நிற்கும்போது போனால் மரத்தைப் பார்க்கலாம், மேலே சொன்ன நண்டும் தாவுகிற மீனும் உள்ளானும் கண்ணில் பட வேண்டுமானால் சேறு வெளியே தெரிய வேண்டும்.