பெட்டகக் கதவுக்குள் கண்ணாடிக்கு என்ன வேலை?

"ஏடிஎம் பெட்டகக் கதவுக்குள் கண்ணாடி வைக்கிறார்களாமே? இரும்பையே அறுக்க வருகிறவனுக்குக் கண்ணாடி எம்மாத்திரம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேள்வியில் கொஞ்சம் நக்கல் இருந்தாலும் தகவல் சரிதான். எல்லாப் பெட்டகங்களிலும் இருக்காது. உயர்தரமானவை பலவற்றில் உண்டு. அந்தக் கண்ணாடியின் வேலையே உடைவதுதான்.

முதலில் ஏடிஎம் இயந்திரத்தின் உடலமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மேல்பாதியில் திரை, கணினி, அட்டை படிக்கும் கருவி ஆகியவை இருக்கும்; இதன் மூடி வெறும் தகடு. கீழ்பாதி ஒரு பெட்டகம். பணப்பெட்டிகள் இருப்பது அங்கேதான். பெட்டகம் தடித்த போல்ட்டுகளால் தரையோடு இறுக்கப்பட்டிருக்கும். அதிர்வையும் வெப்பத்தையும் உணரும் கருவிகள் உள்ளே இருக்கும். தெருவில் லாரி போனால் வரும் அதிர்வு வேறு, உலோகத்தில் டிரில் ஓடும்போது வரும் அதிர்வு வேறு. அதிர்வெண்ணையும் அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் வைத்து இரண்டையும் பிரித்துவிடுவார்கள்.

உடைக்கவே முடியாத பெட்டகம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. தயாரிப்பவர்களும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. அதனால் பெட்டகத்தின் தரத்தை நேரத்தால் அளக்கிறார்கள். பொருள்களின் பாதுகாப்பைச் சோதித்துப் பார்க்கும் அமெரிக்காவின் யுஎல் அமைப்பு தரும் டிஎல்-15 என்ற தரச்சான்றைப் பெற வேண்டுமானால், கதவு நிபுணர்களின் தாக்குதலை 15 நிமிடம் தாங்க வேண்டும். அந்த நிபுணர்கள் பெட்டகத்தின் வரைபடத்தை முன்கூட்டியே படித்துவிட்டுத்தான் வருவார்கள். கருவி கதவின் மேல் வேலை செய்யும் நேரம் மட்டுமே கணக்கில் சேரும். டிரில் பிட்டை மாற்றும்போது கடிகாரம் நின்றுவிடும். டிஎல்-30 என்றால் 30 நிமிடம். அலாரம் கேட்டு யாராவது வந்து சேர்வதற்கான அவகாசத்தைத்தான் பெட்டகம் வாங்கித் தருகிறது.

துளை போட்டுப் பூட்டை எட்டிவிட்டால் தாழ்ப்பாளை விலக்கிவிடலாம் என்பது திருடனின் கணக்கு. பூட்டின் முன்னால் இருக்கும் கடினத் தகடு அவனுக்கு முதல் தடை. அதில் டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளின் துணுக்குகள் பதிந்திருக்கும். சுழலும் பிட் மென்மையான உலோகத்திலிருந்து துணுக்கின் மேல் ஏறும்போது ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு மழுங்கும், அல்லது முறியும். சரி, பொறுமைசாலி ஒருவன் இதையும் தாண்டிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அவனுக்காகத்தான் கண்ணாடி காத்திருக்கிறது.

கதவுக்குள் சில எஃகுத் தாழ்கள் அமுக்கிவைத்த ஸ்பிரிங்குகளோடு நிற்கின்றன. விட்டால் பாய்ந்துவிடும். அவற்றைப் பாயவிடாமல் மெல்லிய கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. கம்பிகளின் மறுமுனை ஒரு கண்ணாடிப் பலகையோடு கட்டப்பட்டிருக்கிறது. பலகை நொறுங்கினால் கம்பி தளரும், ஸ்பிரிங் விரியும், தாழ்கள் பாய்ந்து, கதவைப் பூட்டியிருக்கும் தண்டுகளை நகரவிடாமல் மறித்துக்கொள்ளும். பூட்டுத் தொழிலில் இதை ரீலாக்கர் என்பார்கள். அப்புறம் சரியான எண்ணைப் போட்டாலும் கதவு திறக்காது. மின்சாரம் கிடையாது, பேட்டரி கிடையாது, மென்பொருள் கிடையாது. துண்டிக்க ஒயரும் இல்லை. பல ஆண்டுகள் சும்மா கிடந்துவிட்டு, தேவைப்படும் ஒரே ஒரு தடவை வேலை செய்யும்.

சாதாரண ஜன்னல் கண்ணாடி இதற்கு உதவாது. நிதானமாக வேலை செய்தால் அதில் அழகாகத் துளை போட்டுவிடலாம். மிஞ்சிப்போனால் ஒரு மூலையில் கீறல் விழும். கம்பி அசையக்கூட அசையாது. எந்த இடத்தைத் துளைத்தாலும் பலகை முழுவதும் ஒரே நேரத்தில் நொறுங்கினால்தான் காரியம் ஆகும். அதற்கு டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடி வேண்டும்.

அதைச் செய்யும் விதத்தில்தான் எனக்கு மயக்கம். கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் குளிர்காற்றைப் பீய்ச்சுகிறார்கள். மேற்பரப்பு சட்டென்று இறுகிவிடுகிறது. நடுப்பகுதி அப்போதும் இளகிய சூட்டிலேயே இருக்கிறது. அது பிறகு மெதுவாக ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது; ஏற்கெனவே இறுகிவிட்ட மேற்பரப்பு இடம் கொடுப்பதில்லை. இந்த இழுபறி தீராமலே கண்ணாடி குளிர்ந்துவிடுகிறது. கடைசியில் மேற்பரப்பு நிரந்தரமாக அமுக்கத்திலும் நடுப்பகுதி நிரந்தரமாக இழுவிசையிலும் மாட்டிக்கொள்கின்றன. மேற்பரப்பில் இருக்கும் அமுக்கத் தகைவு சுமார் 100 மெகாபாஸ்கல், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டன் எடை. நடுவில் இருக்கும் இழுவிசை அதில் பாதி. பார்ப்பதற்கு என்னவோ சாதுவான பலகைதான்.

விரிசல் பரவ வேண்டுமானால் அதன் இரண்டு உதடுகளும் விலக வேண்டும். அமுக்கத்தில் இருக்கும் மேற்பரப்பு அவற்றை மூடியே வைத்திருக்கிறது. டஃபன்டு கண்ணாடி சிறு அடிகளைத் தாங்குவது அதனால்தான். ஆனால் கருவியின் முனை மேற்பரப்பைத் தாண்டி நடுவில் இருக்கும் இழுவிசைப் பகுதியைத் தொட்டுவிட்டால் கதையே வேறு. அங்கே எல்லாத் திசைகளிலும் விரிசலைத் திறப்பதற்கான ஆற்றல் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து யாரும் தள்ள வேண்டியதில்லை. விரிசல் ஓடும், கிளைக்கும், கிளைகள் மறுபடி கிளைக்கும். அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். 20 செ.மீ. அகலமுள்ள பலகையைக் கடக்க ஒரு வினாடியில் ஏழாயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. டிரில்லை இயக்குகிறவன் 'என்னவோ சத்தம்' என்று கையை எடுப்பதற்குள் ஸ்பிரிங்குகளும் தம் வேலையை முடித்திருக்கும்.

இந்த விந்தை ஒரு விளையாட்டுப் பொருளாகத்தான் அறிவியலுக்குள் வந்தது. உருகிய கண்ணாடிச் சொட்டைத் தண்ணீரில் விட்டால் வால் முளைத்த துளி ஒன்று கிடைக்கும். அதன் தலையில் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். வால் நுனியைக் கிள்ளினால் மொத்தமும் தூளாகிவிடும். இளவரசர் ரூபர்ட் இவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய உறவினரான மன்னர் இரண்டாம் சார்லஸ் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்திடம் கொடுத்து, காரணம் கண்டுபிடிக்கச் சொன்னார். விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1665-இல் இதைப் பற்றி எழுதினார். விரிசல் எப்படி ஓடுகிறது என்பதை அதிவேகக் கேமராவால் படம்பிடித்து 1994-இல் விளக்கியவர்கள் சந்திரசேகர், சௌத்ரி என்ற இருவர். அவர்கள் அளந்த வேகம் வினாடிக்கு 1,450 முதல் 1,900 மீட்டர் வரை. "300 வருடப் பழைய பொம்மை எப்படி உடைகிறது என்று பார்க்க விலையுயர்ந்த கேமரா வேண்டும்" என்று இன்று யாராவது நிதி கேட்டு விண்ணப்பித்தால் எத்தனை குழுக்கள் கையெழுத்திடும்? உடனடிப் பயன் என்ன என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லியே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு அந்தக் கட்டத்தைக் கண்டாலே எரிச்சல் வரும்.

திருடன் பெட்டகத்தை நெருங்குவதற்கு முன்பே தடுக்கும் வழிகளும் உண்டு. முதலில் கடை முகப்புக்கு வருவோம். அங்கே டஃபன்டு கண்ணாடியை மட்டும் போட்டால் ஒரே அடியில் வழி திறந்துவிடும். முகப்புக்கு வேண்டியது லாமினேட்டட் கண்ணாடி: இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒட்டும் தன்மையுள்ள பிளாஸ்டிக் படலம். கண்ணாடி உடைந்தாலும் துண்டுகள் படலத்தை விட்டு விழாது. உள்ளே நுழைய அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வாகனத்தால் மோதி உடைப்பவர்களுக்கு எதிராகக் கான்கிரீட் நிரப்பிய எஃகுத் தூண்கள் நடுகிறார்கள். 1,500 கிலோ கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 145 கிலோஜூல். அதே கார் 10 கி.மீ. வேகத்தில் வந்தால் 6 கிலோஜூலுக்கும் குறைவு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வந்த வித்தியாசம் இது. ஆகவே தூணைப் பருமனாக்குவதைவிட, கார் நேராக வேகம் பிடித்து வர முடியாதபடி பாதையை வளைத்துவிடுவது மலிவான வழி.

என்னைக் கேட்டால் கடைக்குள் வைக்கச் சிறந்தது பாதுகாப்புப் புகைக் கருவி. கிளைகால் என்ற வேதிப்பொருளும் தண்ணீரும் கலந்த திரவத்தைச் சூடான குழாய்க்குள் செலுத்தினால் ஆவியாகிப் பீறிடும். அறைக் காற்றில் பட்டதும் நுண்துளிகளாக மாறும். துளிகள் அவ்வளவு சிறியவையாக இருப்பதால் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. சில வினாடிகளில் நீட்டிய கையே தெரியாது. டார்ச் அடித்தால் வெளிச்சம் கண்ணுக்கே திரும்பி வந்து நிலைமையை இன்னும் மோசமாக்கும். யாருக்கும் காயமில்லை, பொருளுக்கும் சேதமில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு, ஒயரே இல்லாத போலிக் கேமராவைக் கூரையில் மாட்டித் தாயத்துக் கட்டிக்கொண்டதுபோல் நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆயுதத்தைக் காட்டி ஊழியரை மிரட்டினால்? இந்தக் கேள்வி பழையது. வங்கி அதிகாரிகளைக் கடத்தி எண்ணைச் சொல்ல வைத்த காலத்தில், 1873-இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் சார்ஜென்ட் நேரப்பூட்டை உருவாக்கினார். குறித்த நேரம் வரும்வரை, எண் தெரிந்தவராலும் திறக்க முடியாது. கடைப் பெட்டகங்களில் இப்போது இருக்கும் தாமதப்பூட்டு இதன் வழிவந்ததுதான்: எண்ணைப் போட்ட பிறகு சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.

கண்ணாடிக்கும் ஆள் பார்க்கத் தெரியாது. பெட்டகத்தை இடம் மாற்றும்போது கைதவறிக் கீழே போட்டால், திருடனுக்குப் பாய வேண்டிய தாழ்கள் சொந்தக்காரருக்கே பாய்ந்துவிடும். அந்த நிலையில் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் ஒருவர் வந்து, பாய்ந்த தாழ்கள் நிற்கும் இடத்தை வரைபடத்தில் பார்த்து, ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருக்கும். கண்ணாடியின் இடத்தையும் கம்பிகளின் போக்கையும் பெட்டகத்துக்குப் பெட்டகம் மாற்றி வைக்கும் தயாரிப்பாளர்களும் உண்டு என்பதால், அவருக்கும் அது சில மணிநேர வேலை.