சீழ்க்கை அடிக்கும் ஏணி

மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் இசைக்கருவியான மினிமோக் சிந்தசைசரில் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒலியைப் பிறப்பிக்கும் மூன்று அலையியற்றிகளையும் அணைத்துவிடுங்கள். இரைச்சல் தரும் பகுதியையும் அணைத்துவிடுங்கள். 'எம்ஃபசிஸ்' என்று எழுதியிருக்கும் குமிழை வலப்பக்கம் கடைசிவரை திருப்பி, ஒரு கட்டையை அழுத்துங்கள். புல்லாங்குழலை நினைவூட்டும் தூய சீழ்க்கை ஒன்று எழும். ஒலியைக் குறைப்பதற்கென்றே வைக்கப்பட்ட வடிகட்டி தானாகவே பாடத் தொடங்கிவிடுகிறது. மின்சுற்றில் எப்போதும் உறங்காமல் இருக்கும் நுண்ணிய இரைச்சல்தான் அதற்கு விதை.

இந்தச் சீழ்க்கையைக் கணினியில் அப்படியே வரவழைப்பது எளிய வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மடிக்கணினியில் அந்த வடிகட்டிக்கு ஒரு நிரல் எழுதினேன். கீழ்ச் சுரங்களில் ஒழுங்காகப் பாடியது. மேலே போகப் போக சுருதி இறங்கியது. ஐந்தாயிரம் ஹெர்ட்ஸ் கேட்டால் மூவாயிரத்து எண்ணூறு தந்தது. நிரலில் பிழை தேடி இரண்டு இரவுகள் போயின. ஒரு வரியில்கூடத் தவறு இல்லை. கணினி காலத்தைப் பார்க்கும் விதத்திலேயே அந்தச் சிக்கல் இருந்தது.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராபர்ட் மோக் அமெரிக்கப் பொறியாளர். பெயரை 'மூக்' என்று படிப்பவர்கள் அதிகம். அவர் தம் பெயரை 'மோக்' என்றே உச்சரித்தார். நியூயார்க் மாநிலத்தின் ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் இருந்த அவருடைய நிறுவனம், சுவரை மறைக்கும் அளவுக்குப் பெரிய சிந்தசைசர்களைச் செய்துவந்தது. அதே தொழில்நுட்பத்தை ஒருவர் தூக்கிச் செல்லக்கூடிய பெட்டிக்குள் அடக்கி 1970இல் அறிமுகப்படுத்தியதுதான் மினிமோக். 44 கட்டைகள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான் வாசிக்க முடியும். 1981 வரை தயாரிக்கப்பட்டது. அதன் ஒலிக்கு உயிர் கொடுத்தது, மோக் 1969இல் காப்புரிமை பெற்ற ஒரு வடிகட்டி.

அந்த வடிகட்டியின் சுற்றுப்படத்தைக் காகிதத்தில் பார்த்தால் ஏணி மாதிரியே இருக்கும். இரண்டு நெடுங்கால்களில் டிரான்சிஸ்டர்கள் ஜோடி ஜோடியாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு படியிலும் இரு கால்களுக்கும் குறுக்கே ஒரு மின்தேக்கி. இப்படி நான்கு படிகள். ஒரு படி என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, சின்னக் குழாயால் நிரப்பப்படும் தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். குழாய்க்கு அந்தப் பக்கம் நீர்மட்டம் மெல்ல ஏறி இறங்கினால் தொட்டியின் மட்டமும் கூடவே ஏறி இறங்கும். சடசடவென்று மாறினால் தொட்டியால் தொடர முடியாது. சிறிது நலுங்குவதோடு நின்றுவிடும். மெதுவான அதிர்வு கடந்துபோகும், வேகமான அதிர்வு தேய்ந்துபோகும். குழாயின் குறுக்களவை மாற்றினால் எந்த வேகத்துக்கு மேல் தேயவேண்டும் என்ற எல்லையும் மாறும். மோக்கின் ஏணியில் தொட்டி என்பது மின்தேக்கி; குழாயின் வேலையைச் செய்வது டிரான்சிஸ்டர். அதன் வழியாக ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தால் எல்லை அதிர்வெண் நகரும். நான்கு படிகள் தொடர்ந்து வருவதால், எல்லையைத் தாண்டி வெகுதூரம் போனபின் அதிர்வெண் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலியின் வீச்சு பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும்.

சீழ்க்கை பிறக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த கணக்கும் இதுதான்.

ஒவ்வொரு படியும் ஒலியைக் குறைப்பதோடு சற்றுத் தாமதப்படுத்தவும் செய்கிறது. எல்லை அதிர்வெண்ணில் அந்தத் தாமதம் சரியாக 45 பாகை, அதாவது ஓர் அலைச்சுற்றின் எட்டில் ஒரு பங்கு. நான்கு படிகளுக்கு 180 பாகை; அலை தலைகீழாகிவிடுகிறது. ஏணியின் உச்சியில் வெளிவரும் ஒலியின் ஒரு பகுதியை மறுபடியும் தலைகீழாக்கி அடியில் ஊட்டினால், அது புதிதாக வரும் ஒலியோடு ஒத்த கட்டத்தில் வந்து சேரும். ஊஞ்சல் திரும்பும் அதே கணத்தில் தள்ளிவிடுவதைப் போன்றது இது. எல்லை அதிர்வெண்ணில் ஒவ்வொரு படியும் வீச்சை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுக்கிறது. நான்கு படிகள் சேர்ந்து நான்கில் ஒரு பங்காக்கும். ஆகவே திருப்பி ஊட்டுவதை நான்கு மடங்கு பெருக்கி ஊட்டினால் இழப்பு முழுவதும் ஈடாகிவிடும். ஊஞ்சல் நிற்கவே நிற்காது. எம்ஃபசிஸ் குமிழ் கட்டுப்படுத்துவது இந்தப் பின்னூட்டத்தைத்தான். அதே கணக்கு இன்னொன்றையும் விளக்கிவிடுகிறது: பின்னூட்டம் நான்கு மடங்கை எட்டும்போது அடிச்சுரங்களின் வீச்சு ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். குமிழைத் திருப்பத் திருப்ப ஒலியின் அடிக்கனம் கரைந்துபோவதை மினிமோக் வாசிப்பவர்கள் நன்கு அறிவார்கள்.

இனி இதைக் கணினிக்குக் கொண்டுபோவோம். ஒலிப்பதிவுகளை எடுத்து அடுக்கி வைத்துக்கொண்டு கட்டைக்கு ஒன்றாக ஒலிக்க விடுவது ஒரு வழி. வாசிப்பவர் குமிழைத் திருப்பினாலோ, அந்த வழி அங்கேயே முடிந்துவிடும். திருப்பும்போது என்ன நேரும் என்பது பதிவில் இல்லை, சுற்றில்தான் இருக்கிறது. எனவே சுற்றையே சமன்பாடுகளாக எழுதி, அவற்றை நொடிக்கு நொடி தீர்க்கவேண்டும். ஸ்வீடனின் கிளாவியா நிறுவனம் 1995இல் வெளியிட்ட நார்ட் லீட் என்ற கருவி, மின்சுற்றில் பிறக்கும் அனலாக் ஒலியைக் கணக்கிட்டே உருவாக்கும் இந்த வழியைப் பரவலாக்கியது. பிரான்சின் ஆர்டூரியா நிறுவனம் பின்னர் மினிமோக்கையே மென்பொருளாகக் கொண்டுவந்தது.

கணினி ஒலியை வினாடிக்கு 44,100 புள்ளிகளாகப் பார்க்கிறது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே ஏறத்தாழ 22.7 மைக்ரோ வினாடி. பின்னூட்டம் உள்ள ஏணியைக் கணக்கிடும்போது ஒரு முடிச்சு விழுகிறது: வெளியீட்டை அறிய உள்ளீடு தெரியவேண்டும், உள்ளீட்டிலோ அதே வெளியீடு கலந்திருக்கிறது. மின்சுற்றுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, அங்கே எல்லாம் ஒரே கணத்தில் நடக்கின்றன. நிரல் எழுதுபவர் சட்டென்று கண்டுபிடிக்கும் வழி, முந்தைய புள்ளியின் வெளியீட்டை எடுத்துப் பின்னூட்டமாக ஊட்டிவிடுவது. நான் செய்ததும் அதுதான். 22.7 மைக்ரோ வினாடித் தாமதம் யாருக்குக் கேட்கப்போகிறது?

நூறு ஹெர்ட்ஸில் கேட்காதுதான். அங்கே அந்தத் தாமதம் ஒரு பாகைகூட இல்லை. ஐந்தாயிரம் ஹெர்ட்ஸில் ஓர் அலைச்சுற்றுக்கு ஒன்பது புள்ளிகள்கூடக் கிடைப்பதில்லை. ஒரு புள்ளித் தாமதம் அங்கே 40 பாகைக்கு மேல். நான்கு படிகளையும் எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டாலும் மொத்தத் தாமதம் 180ஐத் தாண்டிவிடும். ஊஞ்சல் திரும்பிப் போனபின் தள்ளுகிறோம். தாமதங்கள் எல்லாம் சேர்ந்து மறுபடி 180 ஆகும் இடத்தைத் தேடி, சீழ்க்கை சுமார் 3,800 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. ஹார்மோனியத்தில் நான்கு கட்டைகளுக்கும் மேலான சரிவு இது. போதாக்குறைக்கு, அங்கே இழப்பு குறைவு என்பதால் நான்கு மடங்கு வரை காத்திராமல் இரண்டரை மடங்குப் பின்னூட்டத்திலேயே ஊளையிடத் தொடங்கும். குமிழின் நடத்தையே மாறிப்போய்விடுகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டிம் ஸ்டில்சனும் ஜூலியஸ் ஸ்மித்தும் 1996லேயே இந்தத் தாமதச் சிக்கலை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நான் இரண்டு இரவுகள் தேடியது பல ஆண்டுகளாக அச்சில் இருந்த விஷயம். இதற்குப் பின்னாளில் நிலைபெற்ற தீர்வு பள்ளிக்கூட அல்ஜீப்ராதான். ஒரு சமன்பாட்டின் இரண்டு பக்கங்களிலும் அதே தெரியாத எண் இருந்தால் அதை ஒரு பக்கமாகத் திரட்டித் தீர்ப்போம் அல்லவா? ஏணியின் நான்கு படிகளையும் பின்னூட்டத்தையும் ஒரே சமன்பாடாகக் கோத்து, ஒவ்வொரு புள்ளியிலும் அப்படித் தீர்த்துவிட்டால் பழைய வெளியீட்டைக் கடன் வாங்கவேண்டிய தேவை இல்லை. இப்படிக் கட்டப்பட்டவற்றைத் தாமதமற்ற பின்னூட்ட வடிகட்டிகள் என்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் சீழ்க்கை முழுமையாகாது. பெருக்கம் நான்குக்கு ஒரு துளி குறைந்தால் ஒலி மங்கி அடங்கிவிடும். ஒரு துளி கூடினால் எண்கள் பெருகிப் பெருகிக் கணினியின் கொள்ளளவையே தாண்டும். உண்மையான மினிமோக்கில் அப்படி நடப்பதில்லை. குமிழை எவ்வளவு திருப்பினாலும் சீழ்க்கை ஓர் அளவில் நின்றுவிடுகிறது. அதை நிறுத்திப் பிடிப்பது டிரான்சிஸ்டரின் ஒரு குணம். சிறிய மின்னழுத்தத்துக்கு அது நேர்விகிதமாக விளைகிறது. அழுத்தம் கூடக்கூட விளைவு தயங்குகிறது, பிறகு ஓர் உச்சத்தில் தேங்கிவிடுகிறது. அந்த வளைகோட்டின் கணிதப் பெயர் அதிபரவளைய டேன்ஜெண்ட். எந்த அழுத்தத்தில் தயக்கம் தொடங்கும் என்பதற்கு, அறை வெப்பத்தில் சுமார் 26 மில்லிவோல்ட் என்ற அளவு அடிப்படையாகிறது.

பாடப்புத்தக இலக்கணப்படி பார்த்தால் இது குறைபாடு. நல்ல பெருக்கி என்பது ஒருபோதும் தயங்கக்கூடாது. மினிமோக்கின் ஒலி சூடாக இருக்கிறது, தடிமனாக இருக்கிறது என்று மக்கள் சொல்வதில் பெரும்பங்கு இந்தத் தயக்கத்துக்கே சேரும் என்பது என் உறுதியான எண்ணம். மூன்று அலையியற்றிகளையும் முழு வீச்சில் திறந்துவிட்டால், ஏணியின் ஒவ்வொரு படியும் அலையின் முகடுகளை மெல்ல மழுக்கிப் புதிய மேற்சுரங்களைச் சேர்க்கிறது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அன்டி ஹுவோவிலைனன் 2004இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான்: ஏணியின் முகப்பில் மட்டும் வளைகோட்டை வைத்தால் போதாது, நான்கு படிகளுக்குள்ளும் வைக்கவேண்டும்.

வளைகோடு உள்ளே வந்ததும் அல்ஜீப்ரா கைவிட்டுவிடுகிறது. தெரியாத எண் வளைகோட்டுக்குள் மாட்டிக்கொண்டிருப்பதால் அதை ஒரு பக்கமாகத் திரட்ட முடியாது. நியூட்டனின் பழைய முறையில் ஒரு விடையை ஊகித்து, பிழையை அளந்து, திருத்தி, மீண்டும் ஊகிக்கவேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் இப்படிச் சில சுற்றுகள். பெர்லினின் யூஹே நிறுவனம் 2011இல் வெளியிட்ட டீவா என்ற மென்பொருள், கணினியின் ஆற்றலைச் சற்றும் மிச்சம் பிடிக்காமல் இந்தக் கணக்குகளைப் போட்டது. அன்றைய கணினிகள் அதற்குத் திணறின. அந்த ஒலியைக் கேட்டவர்கள் திணறலைப் பொறுத்துக்கொண்டார்கள்.

அலையியற்றிகளுக்கு வருவோம். அவை ஏணிக்குத் தரும் அலைகளில் முக்கியமானது ரம்பப் பல் அலை: நேர்கோட்டில் ஏறி, செங்குத்தாக விழுந்து, மறுபடி ஏறும். தம்புராவின் ஒரே தந்தியில் பல சுரங்கள் ஒலிப்பதைப் போல இதற்குள்ளும் அடிப்படைச் சுரத்தின் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என்று மேற்சுரங்கள் முடிவில்லாமல் அடுக்கியிருக்கின்றன. கணினியில் இதை வரைவது இரண்டு வரி நிரல். சிக்கல் அந்த முடிவில்லாமையில்தான். வினாடிக்கு 44,100 புள்ளிகளை வைத்து அதில் பாதி, அதாவது 22,050 ஹெர்ட்ஸ் வரைதான் காட்ட முடியும். அதற்கு மேற்பட்டவை மறைந்துபோனால் நல்லது. அவை மடிந்து கீழே விழுகின்றன. சுழலும் மின்விசிறியைச் செல்பேசியில் படமெடுத்தால் இறக்கைகள் பின்னோக்கிச் சுற்றுவதாகத் தோன்றுமே, அதே மாயம் காதுக்கு நேர்கிறது.

4,000 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பத்து மடங்கு மேற்சுரம் 40,000இல் இருக்கவேண்டும். மடிந்து 4,100இல் விழுகிறது, அடிப்படைச் சுரத்துக்குப் பக்கத்திலேயே, அபசுரமாக. பதினொரு மடங்கு மேற்சுரம், 44,000இல் இருக்கவேண்டியது, 100 ஹெர்ட்ஸ் உறுமலாகிறது. சுரத்தை மெல்ல மேலே வழுக்கினால் இந்தப் பொய்ச்சுரங்களில் சில கீழ்நோக்கி வழுக்கும். ஆரம்பகால மென்பொருள் சிந்தசைசர்களில் உச்ச ஸ்தாயியில் கேட்ட கரகரப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். தீர்வு, செங்குத்து வீழ்ச்சியைக் கத்தியால் வெட்டியது போல விடாமல் அதன் விளிம்பைக் கணக்கோடு மழுக்குவது. ஏணிக்குள் இருக்கும் வளைகோடுகளும் புதிய மேற்சுரங்களைப் பிறப்பிப்பதால், அங்கே நான்கு மடங்கு வேகத்தில், வினாடிக்கு 1,76,400 முறை கணக்கிட்டுவிட்டு, கடைசியில் வடிகட்டிக் குறைத்துக்கொள்வார்கள்.

வெப்பத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். மேலே சொன்ன 26 மில்லிவோல்ட் நிலையான எண் இல்லை. அறை வெப்பநிலையை ஒட்டி ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு சதவீதம் மாறும். அலையியற்றியின் சுருதியைத் தீர்மானிக்கும் பகுதியும் அதே டிரான்சிஸ்டர் விதியை நம்பியே இருக்கிறது. வெப்பத்தை ஈடுகட்ட ஏற்பாடுகள் இருந்தும் தொடக்ககால மினிமோக்குகள் சுருதி நகர்வதற்குப் பேர்போனவை. போதாததற்கு, கட்டையை அழுத்தும்போது மூன்று அலையியற்றிகளும் புதிதாகத் தொடங்குவதில்லை. அவை எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அழுத்தும் கணத்தில் மூன்றும் எந்தெந்தக் கட்டத்தில் இருக்கின்றனவோ, அந்தச் சேர்க்கைதான் சுரத்தின் முதல் கணம். ஒரே கட்டையைப் பத்து முறை அழுத்தினால் பத்து முறையும் சிறிது வேறுபடும். மென்பொருளில் இதற்கென்றே மெதுவாக அலையும் தற்செயல் எண்களைச் சேர்க்கிறார்கள். அளவு மிஞ்சினால் குடிகாரன் பாட்டு போலாகிவிடும். குறைந்தால் மூன்று அலைகளும் ஒன்றோடொன்று உறைந்துபோகும்.

எந்த மினிமோக்கைப் பின்பற்றுவது என்பதும் ஒரு முடிவுதான். மின்தேக்கிகளும் டிரான்சிஸ்டர்களும் ஆண்டுகள் போகப்போக அவரவர் வழியில் முதுமையடைந்திருக்கின்றன; இரண்டு கருவிகளைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்காது. தயாரிப்பாளர்கள் தங்களிடம் உள்ள ஒரு நல்ல கருவியைத் தேர்ந்தெடுத்து, அது சூடேறி நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்து, அதை அளக்கிறார்கள்.

என் நிரலைப் பிறகு திருத்தி எழுதினேன். பழைய புள்ளியைக் கடன் வாங்கிய வரியை நீக்கிவிட்டு, நான்கு படிகளிலும் வளைகோட்டை வைத்து, நியூட்டன் முறைக்கு மூன்று சுற்றுகள் கொடுத்தேன். அலையியற்றிகளை அணைத்தேன். பின்னூட்டத்தை நான்குக்குச் சற்று மேலே வைத்து, எல்லை அதிர்வெண்ணை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனேன். சீழ்க்கை கூடவே ஏறியது. மடிக்கணினியின் விசிறி சுழலத் தொடங்கியது. செல்பேசியில் திறந்து வைத்திருந்த சுருதிமானி ஐந்தாயிரத்தை ஒட்டி நின்றது.