கவுண்ட் நார்மல்னா எல்லாம் நார்மலா?

போன வாரமும் அதே கதை. பாலக்கோடு பக்கத்திலிருந்து குழந்தை இல்லாத ஒரு தம்பதி. அந்தப் பெண்ணுக்கு டியூப் டெஸ்ட், லேப்ராஸ்கோப்பி, மாதாமாதம் ஊசி என்று எல்லாம் முடிந்துவிட்டது. கணவரோ எப்போதோ எடுத்த ஒரே விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, "எனக்கு கவுண்ட் நார்மல் சார், இவளுக்குத்தான் பாருங்க" என்கிறார். கூட வந்த மாமியாரும் தலையாட்டுகிறார். கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து இதை இன்னும் எத்தனை பேரிடம் கேட்பது!

கவுண்ட் என்பது வெறும் விந்தணு எண்ணிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் மில்லிக்கு 1.6 கோடி என்று ஒரு கோடு இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களைப் பரிசோதித்ததில், அடிமட்ட 5 சதவீதம் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். அதைத் தாண்டினால் பாஸ், குறைந்தால் ஃபெயில் என்று யார் சொன்னது?

விந்தகத்திலிருந்து (அதாவது விதையிலிருந்து) வெளியே வரும் விந்தணு பார்க்க முழுசாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு நீந்தவும் தெரியாது, முட்டையைத் துளைக்கவும் முடியாது. அதைத் தயார் செய்வது எபிடிடிமிஸ், விந்தகத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் சுருள் குழாய். பிரித்து நீட்டினால் சுமார் 6 மீட்டர். சுண்டெலியில் இதைப் பத்துத் துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். குழாயின் தலைப்பகுதியில் ஓங்கி இயங்கும் எல்சிஎன்5, எல்சிஎன்8 மாதிரி மரபணுக்கள் வால்பகுதியில் அடங்கிவிடும். வால்பகுதி பெரும்பாலும் சேமிப்புக் கிடங்கு. ராஸ்1 என்ற மரபணுவை நீக்கிய ஆண் சுண்டெலிகளில் குழாயின் தொடக்கப் பகுதி உருவாகவே இல்லை என்று 1996-லேயே தெரிந்துவிட்டது. விந்தணு உற்பத்தியில் குறை இல்லை, ஆனாலும் குட்டி பிறக்கவில்லை! வால் வளைந்துபோன விந்தணு முட்டை இருக்கும் இடம்வரை போய்ச் சேரவில்லை. கண்ணாடித் தட்டில் முட்டையோடு சேர்த்து வைத்தபோது கருத்தரிக்க வைத்தது. அப்புறம் 2020-ல் ஒசாகா ஆய்வாளர்கள், விந்தகத்திலிருந்து வரும் நெல்2 என்ற புரதம்தான் குழாய் வழியே இறங்கி அந்த ராஸ்1-ஐத் தூண்டுகிறது என்று காட்டினார்கள். (மனிதக் குழாயில் பிரிவுகள் எலியளவுக்குக் கறாராக இல்லை. எலியின் வரைபடத்தை நம் மேல் அப்படியே ஒட்டக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். விந்தணு உருவாக இரண்டு மாதத்துக்கு மேல், குழாயைக் கடக்க மேலும் சில நாட்கள். அதனால் பதினைந்து நாள் லேகியம் சாப்பிட்டுவிட்டு ரிப்போர்ட் மாறவில்லை என்று டாக்டரை மாற்றாதீர்கள், மூன்று மாதம் பொறுங்கள். சாம்பிள் கொடுக்கும் முன் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். அரூரில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வராதீர்கள், லேபிலேயே கொடுங்கள். பாதி கொட்டிவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டமாட்டேன். ஆணுறையில் கொண்டுவந்தால் திட்டுவேன். ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆண்மையைக் கூட்டும் என்று நம்பும் தம்பிகளே, அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். குழந்தை வேண்டுமென்றால் தொடாதீர்கள். விதைப்பையில் திடீர் வலி, வீக்கம் வந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். விதை முறுக்கியிருந்தால் காப்பாற்றச் சில மணி நேரம்தான் இருக்கிறது.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவுகட்டாமல், சில வாரம் விட்டு இன்னொன்று எடுங்கள்; எண்ணிக்கையோடு நீந்தும் திறன், வடிவம் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். மனைவியை அடுத்த ஆபரேஷனுக்கு அனுப்புவதற்கு முன்னால் தயவுசெய்து இதை முடித்துவிடுங்கள். வெட்கமாக இருந்தால் தனியாகவே வாருங்கள்.